அசையெண்ணி மேலிஸும் ஆயிரத்து எண்ணூறு சீட்டுகளும்

மனித இனத்தில் அசையெண்ணி என்றொரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்த்தும் அடையாளம் தெரியாமல் விட்டிருப்பீர்கள். ஏனென்றால், தூரத்திலிருந்து பார்த்தால் அவர் நம் பேச்சை உன்னிப்பாகக் கேட்கிறவர் போலவே இருப்பார். தலையைச் சற்றே சாய்த்து, கண்ணை இடுக்கி, உதட்டை லேசாக அசைத்து, நாம் சொல்வதில் ஒன்றும் சிந்திவிடக் கூடாது என்பதுபோல நிற்பார். அடடா, நம் பேச்சுக்கும் இவ்வளவு மரியாதையா என்று நமக்கும் உள்ளம் குளிர்ந்து, முழங்கால் வலியில் ஆரம்பித்து மூத்த மகனின் கடன்வரைக்கும் கொட்டித் தீர்ப்போம். கொஞ்சம் கீழே பாருங்கள். கோட்டுப் பைக்குள் விரல்கள் ஆடுகின்றன, இல்லையா? அசைக்கு ஒரு விரல். அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இந்த ரகம் எல்லா ஊரிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு என்றாலும், எஸ்டோனியாவின் தார்த்து நகரில்தான் செழித்து வளர்கிறது. அதற்கு நியாயம் இருக்கிறது. முதலாவது, அந்த ஊரில் ஜனங்கள் பேசுவதே அபூர்வம். பஸ் நிறுத்தத்தில் ஆளுக்கு ஆள் இரண்டு முழம் தள்ளி நின்று, பஸ் வரும்வரை பனியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எண்ணுவதற்கு வாகான ஊர். இரண்டாவது, அவர்கள் மொழி. நமக்குக் குறில், நெடில் என்று இரண்டு அளவோடு காலம் ஓடுகிறது. அவர்களுக்கு மூன்று. நெடிலுக்கு மேலே இன்னொரு நெடில், இழுத்த இழுப்பையே இன்னும் கொஞ்சம் இழுப்பது. வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்றாவது அளவைப் பெரும்பாலும் எழுத்தில் காட்டமாட்டார்கள். வாயால் சொன்னால் தெரியும், தாளில் பார்த்தால் தெரியாது. ஊரில் நாலு வயதுக் குழந்தைக்குத் தெரிகிற விஷயம் கணினிக்குத் தெரியவே தெரியாது. அதைக் கணினிக்குத் தெரிய வைப்பதற்காகத்தான் பல்கலைக்கழகம் நம் மேலிஸுக்குப் பதினேழு வருஷமாகச் சம்பளம் கொடுத்து வருகிறது.

மேலிஸுக்கு வயது ஐம்பத்து நாலு. தங்கமான மனிதர். ஒருவரையும் கடிந்து பேசமாட்டார், குடிக்கமாட்டார், காளான் பறிக்கிற ரகசிய இடத்தைக்கூட அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லிவிடுவார். அந்த நாட்டில் இதைவிடப் பெரிய தாராளம் கிடையாது. ஆனால் நீராவிக் குளியலறையில், கொதிக்கிற கல்லின்மேல் தண்ணீர் ஊற்றி ஊற்றி மச்சான் முகமெல்லாம் சிவந்து, "மேலிஸ், எனக்குத் தலை சுத்துது" என்று சொன்னால், "இன்னொரு தடவை சொல்லு, 'தலை'ங்கறதை நல்லா இழுத்தே" என்பார்.

மாமா செத்துப் போனார். குழியைச் சுற்றி உறவுக்காரர்கள் நிற்கிறார்கள், ஆளுக்கு மூன்று பிடி மணல் போடுகிறார்கள். அத்தை இரண்டு பிடி போட்டுவிட்டு மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மேலிஸ் மெல்லக் குனிந்து ஆறுதல் சொல்கிறார். என்ன ஆறுதல்?

"அத்தை, பாதிரியார் வாக்கியத்துக்கு முப்பத்தோரு அசை பேசறார். மாமா ஒரு நாள் முழுக்கவே அவ்வளவு பேசினதில்ல."

மூன்றாவது பிடி மணலை அத்தை குழிக்குள் போடவில்லை. எங்கே போட்டார் என்பதை மேலிஸின் கறுப்புக் கோட்டைத் துவைத்த மைரேயைக் கேட்டால் தெரியும்.

மைரே என்பவர் மேலிஸின் மனைவி. ரயிலில் டிக்கெட் கொடுக்கிற வேலை. பொழுது விடியுமுன் தலைநகர் டாலினுக்குப் போகும் முதல் வண்டியில் ஏறினால் வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும், வந்ததும் படுக்கைதான். மேலிஸ் எழுந்திருப்பதோ எட்டு மணிக்கு. ஆகவே பட்டாணித் தெருவில் இருக்கும் அந்த மர வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிய மஞ்சள் சீட்டுகளின் வழியாகத்தான். பேசிக்கொள்வது என்றா சொன்னேன்? வாய் தவறிவிட்டது. மைரே எழுதுவார், மேலிஸ் எடுத்துக்கொள்வார்.

ஏன் எடுத்துக்கொள்வார் என்றால், அவர் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தார். அதற்குச் சல்லடை என்று பெயர். மேலே ஒரு வாக்கியத்தைக் கொட்டினால் கீழே அசை அசையாக உதிரும். எது குறில், எது நெடில், எது நெடிலுக்கும் நெடில் என்று சல்லடை சொல்லும். பாதி நேரம் தப்பாகச் சொல்லும். காரணம் கண்டுபிடிக்க மேலிஸுக்கு மூன்று வருஷம் ஆயிற்று. பத்திரிகைகளிலிருந்து எடுத்துப் போட்ட மொழி இஸ்திரி போட்ட மொழி. சல்லடைக்கு வேண்டியது கசங்கிய வீட்டு மொழி. அது எங்கே கிடைக்கும்? தலையைத் தூக்கினார். ஃபிரிட்ஜ் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து எட்டு வருஷம். தினமும் காலையில் சீட்டை உரிப்பார், பின்பக்கம் சிவப்பு மையில் எண் போடுவார், அசையை எண்ணி எழுதுவார், கணினியில் ஏற்றுவார், செருப்பு டப்பாவில் அடுக்குவார். முதல் டப்பாவில் இருந்த சீட்டு ஒன்று இப்படி இருந்தது: "சூப் அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு. விடியக்காலையில நம்ம வேலி ஓரமா ஒரு நரி வந்து நின்னு என்னையே பாத்துது, நானும் பாத்தேன். நீ பாத்திருந்தா சிரிச்சிருப்பே." அதன் பின்பக்கம்: 'எண் 112. அசை 58. நன்று.' நரி எந்தப் பக்கம் போயிற்று என்று அவர் கேட்டாரா? கேட்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மைரே குளிர்கால பூட்ஸைத் தேடும்போது அந்த டப்பாக்கள் கையில் அகப்பட்டன. மூடியைத் திறந்து பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றுகூட விடாமல் எல்லாச் சீட்டையும் வைத்திருக்கிறானே மனுஷன்! வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாத இந்தக் கல்லுளிமங்கனுக்கு உள்ளுக்குள் இவ்வளவு பிரியமா? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொண்டு ஒரு சீட்டைத் திருப்பினார். பிறகு இன்னொன்றைத் திருப்பினார். பிறகு டப்பாவை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அதற்குப் பிறகு சீட்டுகள் சுருங்க ஆரம்பித்தன. "சூப் அடுப்பு மேல. விறகு ஈரம்." அப்புறம், "சூப் இருக்கு." அப்புறம், "சூப்." இது அவர்கள் மொழியிலும் ஓரசைதான். மேலிஸ் கவனித்தாரா என்று கேட்காதீர்கள். கவனித்தார்! அவரைப்போலக் கவனித்தவர் உலகத்தில் கிடையாது. மாதவாரியாகக் கவனித்து, சராசரி போட்டு, கோடு இழுத்து, 'சரிவுக்குக் காரணம் தெரியவில்லை' என்று குறிப்பு எழுதி வைத்தார்.

மார்ச் பதினான்கு எஸ்டோனியர்களின் தாய்மொழி நாள். துறையில் வருஷா வருஷம் ஒருவர் பேசுவார். ஏலக்காய் மணக்கும் பின்னல் ரொட்டியை வெட்டிக் காப்பியோடு கொடுப்பார்கள். ரொட்டிக்காகப் பேச்சையும் கேட்பார்கள். இந்த வருஷம் மேலிஸின் முறை. தலைப்பு: 'வீட்டு மொழியில் அசைச் சிக்கனம்: ஓர் எழுத்தாளர், எட்டு ஆண்டு, ஆயிரத்து எண்ணூறு சீட்டு.' எழுதியவர் யார் என்று சொல்லவில்லை. ஆராய்ச்சியில் அதெல்லாம் சொல்லக் கூடாது.

மத்தியானம் இரண்டு மணி. திரையில் கோடு பெரிய மலையிலிருந்து பள்ளத்துக்கு இறங்குவதுபோல இறங்கியது. மேலிஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"பாருங்க, ஆரம்பத்தில சீட்டுக்கு அம்பது, அறுபது அசை. எட்டு வருஷத்தில ஒரே ஒரு அசையில வந்து நிக்குது. எவ்வளவு சிக்கனம்! ரெண்டு பேருக்குள்ள மொழி முத்திப்போச்சுன்னா இப்படித்தான் ஆகும். சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் போயிடும்."

முன்வரிசையில் தலைகள் ஆடின. சுவரோரம் ரொட்டியும் கத்தியுமாக நின்றிருந்த சல்மேயின் தலை மட்டும் ஆடவில்லை. துறையின் அலுவலகம், சாவி, காப்பி எல்லாம் சல்மேயின் பொறுப்பு. எந்தப் பேராசிரியருக்கு எந்த மாத்திரை என்பதுகூட அவருக்குத் தெரியும்.

"நடுவில ஒரே ஒரு சீட்டு மட்டும் கொஞ்சம் நீளம். மூணு வாரம் முந்தினது. மூணாவது அளவுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைச்சதில்ல" என்று மேலிஸ் சீட்டின் படத்தைத் திரையில் போட்டு, ரசித்து ரசித்து வாசித்தார். "'டாலினுக்கு மாத்தித் தரேங்கறாங்க. போகட்டுமா?' கேட்டீங்களா அந்த இழுப்பை? இன்னொரு தடவை வாசிக்கறேன். 'போகட்டுமா?'"

"என்ன சொன்னீங்க?" என்றார் சல்மே சுவரோரத்திலிருந்து.

"மூணாவது அளவுன்னு சொன்னேன்."

"அது இல்ல. போகட்டுமான்னு கேட்டிருக்காங்களே, அதுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

மேலிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எழுதினது யாருங்கறது இங்க முக்கியமில்ல..."

"அட, மைரே கையெழுத்து எனக்குத் தெரியாதா? பதினஞ்சு வருஷமா ஒரே பாட்டுக்குழுவில பக்கத்துப் பக்கத்தில நின்னு பாடறோம்."

யாரோ காப்பியை உறிஞ்சியது கேட்டது. மேலிஸின் காது மடல் சிவந்தது. ஆனாலும் அசையெண்ணி லேசில் விடுவாரா? அவசர அவசரமாகக் கடைசிப் படத்துக்குத் தாவினார். கோடு அடிமட்டத்தில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

"இது நேத்து. பூஜ்யம்."

"பூஜ்யம்னா?" என்று கேட்டார் முன்வரிசைப் பேராசிரியர்.

"காந்தத்தில வெறும் தாள் மாட்டியிருந்தது. எழுத்தே இல்ல. பேனா தீர்ந்துபோயிருக்கும். அதைக் கணக்கில சேக்கலை." ஒருவரும் சிரிக்கவில்லை. "ஆனா இதுதான் அதிசயம்! இன்னிக்குக் காலையில பாருங்க, திடீர்னு ஒரே தாவு. எழுபத்தாறு அசை! எட்டு வருஷத்தில இவ்வளவு நீளம் வந்ததே இல்ல. ஆக, சிக்கனம் முடிஞ்சு மறுபடி செழிப்பு ஆரம்பிக்குதுன்னு நினைக்கறேன்."

சல்மே கத்தியை ரொட்டியின்மேல் வைத்தார். "என்ன எழுதியிருக்கு?"

"எழுபத்தாறு."

"மேலிஸ். என்ன எழுதியிருக்கு?"

மேலிஸ் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் 76 என்று மட்டும்தான் இருந்தது. கோட்டுப் பையைத் துழாவி மஞ்சள் சீட்டை வெளியே எடுத்தார். பதினேழு வருஷப் பழக்கம், எதை எடுத்தாலும் உரக்க வாசிப்பது. உரக்கவே ஆரம்பித்தார்.

"'மேலிஸ், மூணு வாரமா உன் பதிலுக்காகக் காத்திருந்தேன். இன்னிக்கு நாலு மணிக்கு டாலினுக்கு வரேன்னு போன்ல சொல்லிடப் போறேன். அங்க ரூம் பாத்துப்பேன். நீ ஏதும் சொல்றதா இருந்தா...'" குரல் பாதியாயிற்று. "'...மூணு பத்து வண்டியில நான்தான் இருப்பேன். சூப் அடுப்பு மேல இருக்கு.'"

திரையில் எழுபத்தாறு என்ற புள்ளி மட்டும் ஜோராக மின்னிக்கொண்டிருந்தது. மேலிஸின் முகத்தில் ஈயாடவில்லை.

"மணி ரெண்டே முக்கால்" என்றார் சல்மே. "நிக்கறீங்களே!"

அந்த நாட்டில் அலுவலகத்துக்குள் நுழைந்தால் தெருச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளிச் செருப்பு மாட்டிக்கொள்வார்கள். மேலிஸ் கம்பளிச் செருப்போடு ஓடினார். மார்ச் மாதத்துக் குன்றுப் பாதை, மேலே சேறு, கீழே பனிக்கட்டி. இரண்டு தடவை விழுந்தார். ஓடிக்கொண்டே மைரேயிடம் சொல்ல வேண்டியதைத் தயார் செய்தார். 'மைரே, நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது' என்று ஆரம்பித்தார். நீளமாகப்பட்டது. 'மைரே, என்னை மன்னித்துவிடு' என்று சுருக்கினார். ஒன்பது அசை என்று மூளை சொன்னது. "சனியனே, சும்மா இரு!" என்று அவர் தன் மூளையைத் திட்டியதை எதிரே வந்த தபால்காரர் தன்னைத்தான் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்.

கதவு மூடுகிற நேரத்தில் ஏறினார். செருப்பில் ஒன்றுதான் கூட வந்திருந்தது. ஈரக் காலுறையோடு ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. பெட்டியின் மறுகோடியிலிருந்து சீருடையும் டிக்கெட் இயந்திரமுமாக மைரே வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு இருக்கையாக நின்று, வாங்கி, கொடுத்து, கடைசியில் இங்கே வந்து நின்றார். கணவரின் முகத்தைப் பார்த்தார். முழங்காலில் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார். செருப்பில்லாத காலைப் பார்த்தார்.

"டிக்கெட்?" என்றார்.

"மைரே" என்றார் மேலிஸ். மூச்சு வாங்கியது. தயார் செய்த பேச்செல்லாம் குன்றிலேயே விழுந்துவிட்டது. "நீ போகாதே."

அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விரலும் அசையவில்லை. காது மட்டும் இங்கே இருந்தது.

"கையை வெளிய எடு" என்றார் மைரே.

"என்ன?"

"பையில இருக்கே, அந்தக் கை. வெளிய எடு."

மேலிஸ் மெல்ல எடுத்தார். நாலு விரல் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்த்த பார்வையில், அந்த விரல்களை அங்கேயே வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

"எண்ணக் கூடாதுன்னுதான் நினைச்சேன். சத்தியமா. அதுவா எண்ணிக்குது, மைரே."

மைரேயின் உதடு துடித்தது. அழுகை என்றுதான் மேலிஸ் நினைத்தார். ஆனால் வந்தது சிரிப்பு. சீருடைத் தொப்பி சரிகிற அளவுக்குச் சிரிப்பு, எதிர் இருக்கைக் கிழவர் போனைக் கீழே வைத்துவிட்டு வெளிப்படையாகவே பார்க்கிற அளவுக்கு. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதில் கொஞ்சம் அழுகையும் இருக்கத்தான் செய்தது.

"எட்டு வருஷமா ஆயிரத்து எண்ணூறு சீட்டு எழுதியிருக்கேன். அத்தனைக்கும் சேத்து நாலே நாலா?"

"இன்னும் இருக்கு."

"எவ்வளவு இருக்கு?"

மேலிஸ் நீட்டிய விரல்களை மடக்கிக்கொண்டார். பிறகு, "அந்த நரி எந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டார்.

மைரே அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் டிக்கெட் இயந்திரத்தைத் தட்டி, ஒரு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். "டாலின் போக ரெண்டு மணி நேரம். இந்தப் பெட்டியை முடிச்சுட்டு வரேன். அதுக்குள்ள காலுறையைக் கழட்டிப் பிழிஞ்சு வை, சளி பிடிக்கும்."

நாலு மணிக்கு வண்டி காட்டுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மைரேயின் பையில் போன் அடித்தது, டாலினிலிருந்துதான். மைரே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அடித்துவிட்டு நின்றது. நரி பக்கத்து வீட்டுத் தோட்டத்துப் பக்கம் போயிற்றாம். போகிற போக்கில் திரும்பிப் பார்த்ததாம்.

இப்போதும் பட்டாணித் தெரு வீட்டு ஃபிரிட்ஜில் மஞ்சள் சீட்டுகள் உண்டு. மைரேயின் சீட்டுக்குக் கீழே மேலிஸின் சீட்டு, கோணலும் மாணலுமாக, "சூப்பில் உப்பு கொஞ்சம் தூக்கல், ஆனா நல்லா இருந்தது" என்கிற ரீதியில் இருக்கும். அவற்றைக் கணினியில் ஏற்றுவதில்லை என்று மேலிஸ் எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறார். ஆனால் அண்மையில் ஒரு நாள் மைரே அந்தச் சீட்டுகளின் முன்னால் நின்றுகொண்டு விரல் மடக்கியதைச் சல்மே கண்ணால் கண்டதாகச் சொல்கிறார். "என்னோடது அறுபது, அவரோடது பதினொண்ணு, இப்பவும் பாக்கி இருக்கு" என்றாராம் மைரே. இந்த வியாதி தொற்றும் போலிருக்கிறது.

நமக்கென்ன, நாம் அசை எண்ணுகிறவர்களா, ஆராய்ச்சி செய்கிறவர்களா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நீங்கள் எண்ணுவது வேறாக இருக்கலாம்: இன்று எத்தனை அடி நடந்தோம், படத்துக்கு எத்தனை பேர் விருப்பம் போட்டார்கள், இந்தக் கட்டுரை முடிய இன்னும் எத்தனை வரி இருக்கிறது. அது கிடக்கட்டும். இரண்டு பக்கத்துக்கு முன்னால், மேலிஸ் சீட்டைப் பையிலிருந்து எடுத்த இடத்தில், உங்கள் வீட்டு உள்ளறையிலிருந்து ஒரு குரல் உங்களிடம் ஏதோ கேட்டதே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள்கூடத் தலையைத் தூக்காமல் "ம்" என்றீர்கள். என்ன கேட்டார்கள்?

தெரியாதா? அப்படியானால் எழுந்து ஓடுங்கள். செருப்பெல்லாம் அப்புறம் மாட்டிக்கொள்ளலாம்.